வெள்ளை பனியனில் ஒரு ராஜா! - மேடைப் படங்கள் சொல்லும் ஃப்ரெடி மெர்க்குரியின் கதை

ராக் இசை வரலாற்றில் ஆகச்சிறந்த மேடை நிகழ்ச்சி எதுன்னு எப்போது விவாதம் நடந்தாலும், முதல் வரிசையில் வந்து நிற்கும் 21 நிமிஷம் ஒண்ணு இருக்கு. 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி. எதிரே சுமார் 72,000 பேர். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் டி.வி முன்னால் கோடிக்கணக்கானவர்கள். அந்த மேடைக்கு அந்தப் பாடகர் போட்டுக்கிட்டு வந்த டிரஸ் என்ன தெரியுமா?

வெளுத்த ஜீன்ஸ், மேல்கையில் ஒரு தோல் பட்டை, அப்புறம் கை வைக்காத ஒரு வெள்ளை பனியன். அவ்வளவுதான்!

பெருமாநல்லூரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த பனியனைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டிங் டேபிள், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு அது போகும் வழி முழுக்க உங்களுக்கு மனப்பாடம். அந்தப் பாடகரையும் நீங்க பார்த்திருப்பீங்க. மீசை, மஞ்சள் ஜாக்கெட், வானத்தை நோக்கி ஒரு கை. காதர்பேட்டை கடையிலோ, பிரின்டிங் யூனிட்டிலோ, நண்பனின் டி-ஷர்ட்டிலோ அந்தப் படம் எப்படியும் கண்ணில் பட்டிருக்கும்.

அவர்தான் 'குயின்' இசைக்குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி. இறந்து 30 வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால், அவர் நடித்த... ஸாரி, அவர் வாழ்ந்த மேடைப் படங்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படங்களையும் ஆல்பங்களையும் வரிசையா பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். எதை உலகத்துக்குக் காட்டணும், எதைத் தனக்குள்ளேயே வெச்சுக்கணும்னு கடைசிவரை தானே முடிவு பண்ணிய மனுஷன் அவர். அதில் அவர் ஜெயித்ததும் உண்டு, அடி வாங்கியதும் உண்டு.

வாங்க, படம் படமா பார்ப்போம்.

பஞ்ச்கனி ஹாஸ்டல் பையன்

அவருடைய நிஜப் பெயர் ஃபரூக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5-ம் தேதி, ஆப்பிரிக்கக் கடலோரம் இருக்கும் ஸான்ஸிபார் தீவில் பிறந்தார். அப்பா போமி, அம்மா ஜெர். இருவரும் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். பல்சாரா என்ற குடும்பப் பெயரே இன்றைக்கு வல்சாட் என்று அழைக்கப்படும் பல்சார் ஊரிலிருந்து வந்ததுதான். அப்பாவுக்கு பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் காசாளர் வேலை.

மகன் நல்லாப் படிக்கணும் என்று எட்டு வயசில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மகாராஷ்டிர மலையில் இருக்கும் பஞ்ச்கனி, செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல். எட்டு வயசு! உங்க கம்பெனி ஹாஸ்டலில், வேற மாவட்டத்திலிருந்தோ வேற மாநிலத்திலிருந்தோ வந்து தங்கியிருக்கும் பசங்களுக்கு வீட்டை விட்டுப் பிரியறதுன்னா என்னன்னு தெரியும். இந்தப் பையனுக்கு நடுவில் ஒரு சமுத்திரமே இருந்தது. லீவுக்குக்கூடப் பல நேரம் ஸான்ஸிபார் போக முடியாது. மும்பையில் இருந்த சொந்தக்காரர்கள் வீடுதான்.

அங்கேதான் பியானோ கற்றுக்கொண்டார். டேபிள் டென்னிஸில் கில்லி. ஃபரூக் என்ற பெயர் நண்பர்கள் வாயில் ஃப்ரெடி ஆனதும் அங்கேதான். 12 வயசில் ஸ்கூல் நண்பர்களோடு சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். அதில் அவர் முன்னால் நின்று பாடவில்லை. பின்னால் உட்கார்ந்து பியானோ வாசித்தார்.

மேல்வரிசையில் அவருக்கு நான்கு பற்கள் கூடுதலாக இருந்தன. முன்பற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். கிண்டல் வந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடும் பழக்கமும் வந்தது. பிற்காலத்தில் எவ்வளவு பணம் வந்தபோதும் அந்தப் பற்களை அவர் சரிசெய்துகொள்ளவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம். கூச்சமா, குரலான்னு கேட்டால் அவர் குரலைத்தான் தேர்ந்தெடுத்தார்.

துணிக்கடையில் பிறந்த பேண்ட்

1964 ஜனவரியில் ஸான்ஸிபாரில் புரட்சி வெடித்தது. ஆயிரக்கணக்கான அரபு, இந்திய வம்சாவளி மக்கள் கொல்லப்பட்டார்கள். பல்சாரா குடும்பம் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு ஓடியது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஃபெல்தாம் என்ற புறநகரில் சின்ன வீடு. ஃப்ரெடிக்கு அப்போது 17 வயசு. அந்த விமான நிலையத்தில் லக்கேஜ் தூக்கும் வேலையும் பார்த்தார்.

ஈலிங் ஆர்ட் காலேஜில் கிராஃபிக் டிசைன் படித்து 1969-ல் முடித்தார். அடுத்து அவர் பார்த்த தொழில் நமக்கு நெருக்கமானது. கென்சிங்டன் மார்க்கெட்டில் ஒரு சின்ன ஸ்டால் போட்டு பழைய துணி விற்றார்! கூட்டாளி, பின்னாளில் குயினின் டிரம்மரான ரோஜர் டெய்லர். வெல்வெட், சாட்டின், பழைய காலத்துக் கோட்டு என்று எது கிடைத்தாலும் அடுக்கிவைத்தார்கள். எந்தத் துணி எந்த வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்ற பாடத்தை அங்கேயே படித்துவிட்டார்.

ரோஜர் பல் மருத்துவம் படிக்க வந்தவர். கிடாரிஸ்ட் பிரையன் மே விண்வெளி இயற்பியல் மாணவர். இருவரும் வைத்திருந்த 'ஸ்மைல்' என்ற குழுவின் பாடகர் விலகியதும், 1970-ல் ஃப்ரெடி உள்ளே வந்தார். வந்த வேகத்தில் குழுவின் பெயரை 'குயின்' என்று மாற்றினார். தன் குடும்பப் பெயரையும் 'மெர்க்குரி' என்று மாற்றிக்கொண்டார். 1971-ல் எலெக்ட்ரானிக்ஸ் மாணவரான ஜான் டீகன் பேஸ் கிடாரோடு சேர்ந்ததும் நால்வர் அணி முழுமையானது. குழுவின் லோகோவையும் ஃப்ரெடியே வரைந்தார். நால்வரின் ராசிகளுக்கு இரண்டு சிங்கம், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஃபீனிக்ஸ் பறவை. டி-ஷர்ட்டில் வரும் அந்தச் சின்னம் டிசைன் படித்த பாடகரின் கைவேலை.

பெயரை ஏன் மாற்றினார்? இங்கேதான் பலர் அவர் மேல் கோபப்படுகிறார்கள். இந்தியன் என்பதை மறைத்துவிட்டார் என்கிறார்கள். அந்தக் காலத்தையும் கொஞ்சம் பாருங்க. 1968-ல் இனோக் பவல் என்ற எம்.பி குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு நாட்டையே சூடாக்கியிருந்தது. தெற்காசிய முகங்களைத் தெருவில் மடக்கி அடிக்கும் கும்பல்கள் இருந்தன. ராக் பாடகர்களில் அந்த முகம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதே நேரம், அவர் பெற்றோரை விட்டு விலகவில்லை. சிறு வயதில் பார்சி முறைப்படி நவ்ஜோத் சடங்கு நடந்தது. கடைசிச் சடங்கும் அந்த முறையிலேயே நடந்தது. நடுவில் இருந்த வருஷங்களில் அதைப் பற்றி அவர் மேடையில் பேசவில்லை, அவ்வளவுதான்.

முதல் படம்: ரெயின்போ, 1974

இப்போ படத்துக்கு வருவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தை ஆண்டது 'ப்ரோக்ரஸிவ் ராக்'. பிங்க் ஃப்ளாய்ட், யெஸ், ஜெனிசிஸ் எல்லாம் அந்த வகையறா. மூன்று நிமிஷப் பாட்டு, இரண்டு சரணம், ஒரு பல்லவி என்ற கணக்கு அங்கே கிடையாது. ஒரே பாட்டுக்குள் தாளம் மாறும், வேகம் மாறும், மனநிலை மாறும். நம்ம ராகமாலிகையில் ராகம் ராகமாகத் தாவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் முழுக்கவே ஒரு கதை மாதிரி ஓடும்.

குயினின் ஆரம்ப ஆல்பங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். 1973-ல் வந்த முதல் ஆல்பத்தை, டிரைடென்ட் ஸ்டூடியோவில் பெரிய ஆட்கள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகு காலியாகக் கிடந்த நேரத்தில், நள்ளிரவில் பதிவு செய்தார்கள். 1974 மார்ச்சில் வந்த 'குயின் 2' இன்னும் விசேஷம். ஒரு பக்கம் 'வெள்ளை', மறுபக்கம் 'கருப்பு'. கருப்புப் பக்கம் முழுக்க ஃப்ரெடி எழுதியது. ரிச்சர்ட் டாட் என்ற ஓவியர் வரைந்து, லண்டன் டேட் காலரியில் இருக்கும் ஒரு தேவதை ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அதையே ஒரு பாட்டாக்கியிருப்பார். குயின்னா 'வீ வில் ராக் யூ'வின் தட்டு-தட்டு-கைதட்டு மட்டும்தான்னு நினைக்கிறவங்க இந்த ஆல்பத்தைக் கேட்டால் மிரண்டு போவீங்க.

அந்த வருஷம் லண்டன் ரெயின்போ தியேட்டரில் நடந்த கச்சேரிகள் படமாக்கப்பட்டன. 'லைவ் அட் தி ரெயின்போ 74' என்ற பெயரில் 2014-ல்தான் முழுசா வெளியானது. அதில் வரும் ஃப்ரெடியை உங்களுக்கு அடையாளமே தெரியாது. மீசை இல்லை. தோள்வரை கூந்தல். சாட்டின் துணி, கறுப்பு நகப்பூச்சு. ஜாண்ட்ரா ரோட்ஸ் என்ற டிசைனர் அவருக்கு சிறகு மாதிரி விரியும் வெள்ளை மடிப்புச் சட்டை தைத்துக் கொடுத்த வருஷமும் அதுதான். சில ஆயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில், ஸ்டேடியத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறார். 

கையில் இருக்கும் மைக்கைக் கவனியுங்கள். பாதி ஸ்டாண்டுதான் இருக்கும். ஆரம்ப காலக் கச்சேரி ஒன்றில் ஸ்டாண்டின் அடிப்பாகம் கழன்றுவிட, மீதியோடு பாடி முடித்தாராம். அன்றைக்கு உடைந்ததையே தன் அடையாளமாக்கிக் கொண்டார்.

ஆறு நிமிஷப் பாட்டும் ஸ்கிரீன் பிரின்டிங்கும்

1975-ல் 'எ நைட் அட் தி ஓபரா' ஆல்பம். அதில்தான் 'பொஹிமியன் ராப்சடி'. 5 நிமிடம் 55 விநாடி. பியானோ, ஓபரா, ஹெவி ராக் எல்லாம் ஒரே பாட்டில். ரேடியோவில் இவ்வளவு நீளம் ஓடாது என்று ரெக்கார்டு கம்பெனியில் தயங்கினார்கள். பிரிட்டனில் தொடர்ந்து 9 வாரம் முதல் இடத்தில் இருந்தது.

அதன் நடுவில் வரும் ஓபரா பகுதியில் பெரிய கோரஸ் கூட்டமே பாடுவது போல இருக்கும். பாடியது மூன்றே பேர். ஃப்ரெடி, பிரையன், ரோஜர். எப்படி? நீங்க ஸ்கிரீன் பிரின்டிங் பார்த்திருந்தால் சுலபமாகப் புரியும். ஒரு படத்தில் எட்டு கலர் இருந்தால் எட்டு ஸ்கிரீன். ஒவ்வொரு கலராக, அதே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று. ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு நூல் தப்பினாலும் பீஸ் போச்சு. அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு குரலைப் பாடி டேப்பில் பதிவு செய், அதன் மேல் இன்னொரு குரல், அதன் மேல் இன்னொன்று. 24 டிராக் டேப்பில் இடம் தீரத்தீர, பல குரல்களை ஒன்றாகச் சேர்த்து மாற்றிப் பதிந்து, மறுபடி மேலே அடுக்கினார்கள். இந்த வேலை வாரக்கணக்கில் நடந்தது. ஓட்டி ஓட்டி டேப்பின் பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாகக் குழுவினரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

சரி, இதை மேடையில் எப்படிப் பாடுவது? முழுப் பாட்டும் வரும் மேடைப் படங்களைப் பாருங்க. ஓபரா பகுதி வந்ததும் நால்வரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள். ரெக்கார்டு செய்த டேப் ஓடும். ராக் பகுதி தொடங்கும்போது மறுபடி பாய்ந்து வருவார்கள். பாடுவது போல வாயசைத்து ஏமாற்றவில்லை. இதை நேரில் பாட முடியாது என்று சொல்லாமல் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியையே ஒரு நாடகமாக்கினார்கள்.

இரண்டாவது படம்: மான்ட்ரியல், 1981

எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டால் இதைச் சொல்லலாம். 1981 நவம்பர் 24, 25 தேதிகளில் கனடாவின் மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில், 35 எம்.எம் ஃபிலிமில் சால் ஸ்விம்மர் இயக்கிய படம். சினிமா கேமரா என்பதால் வியர்வைத் துளிவரை தெரியும். அரங்கில் நால்வரும், இசையும் மட்டும்தான். எந்த ஜிகினாவும் இல்லை.

சாட்டின் போயாச்சு. முடி வெட்டியாச்சு. 1980-ல் வந்த மீசை இருக்கிறது. அந்த மீசை பிடிக்காமல் அமெரிக்க ரசிகர்கள் சிலர் ஷேவிங் ரேஸரை மேடையில் வீசியதும் நடந்தது. அவர் எடுக்கவில்லை. மேரி ஆஸ்டின் என்ற பெண்ணோடு வாழ்ந்து, தான் ஆண்களை நேசிப்பவன் என்பதை அவரிடம் சொல்லிப் பிரிந்து, அதற்குப் பிறகும் அவரையே நெருங்கிய தோழியாக வைத்திருந்த காலம் அது. உலகத்துக்கு அதைப் பற்றி எந்த அறிவிப்பும் இல்லை. ஆனால், மேடையில் அவர் போட்ட உடையும் மீசையும் அன்றைய நியூயார்க் கே கிளப்களின் சாயல் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. சொல்லவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை.

அடுத்த சில வருஷம் சறுக்கல். 1982-ல் வந்த 'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பத்தின் டிஸ்கோ வாசனை ராக் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1984 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் போய்ப் பாடினார்கள். நிறவெறி ஆட்சி நடந்த நாடு. கலைஞர்கள் அங்கே போகக் கூடாது என்று ஐ.நா கேட்டுக்கொண்டிருந்த காலம். தாங்கள் அரசியல் பேச வரவில்லை என்பது குழுவின் வாதம். எடுபடவில்லை. ஐ.நா-வின் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது, இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. நிறத்தின் பேரில் நடக்கும் கொடுமை என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய ஒரு குடும்பத்துப் பிள்ளை அந்த மேடையில் நின்றது, அவர் வாழ்க்கையில் நியாயப்படுத்த முடியாத ஒரு பக்கம்தான்.

மூன்றாவது படம்: அந்த 21 நிமிஷம்

'பொஹிமியன் ராப்சடி' சினிமாவை 2018-ல் பார்த்திருப்பீங்க. ஃப்ரெடியாக நடித்த ரமி மாலெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதில் குழு உடைந்துபோய், லைவ் எய்டுக்காக மறுபடி சேரும். ஒத்திகையின்போது, தனக்கு எய்ட்ஸ் என்று ஃப்ரெடி நண்பர்களிடம் சொல்வார். தியேட்டரே அழும். ஆனால் பாஸ், அது சினிமா! நிஜத்தில் குழு உடையவில்லை. 1985 மே மாதம்வரை ஜப்பானில் கச்சேரி செய்துவிட்டுத்தான் வந்தார்கள். எச்.ஐ.வி இருப்பது ஃப்ரெடிக்குத் தெரிந்தது 1987-ல். லைவ் எய்டில் நாம் பார்ப்பது சாவைத் தெரிந்துகொண்டு பாடியவரை அல்ல. வேலையைத் தெரிந்துகொண்டு பாடியவரை.

எல்லாக் குழுவுக்கும் கொடுக்கப்பட்டது கிட்டத்தட்ட 20 நிமிஷம்தான். பகல் வெளிச்சம், லைட்டிங் ஜாலம் கிடையாது. கூட்டம் குயினுக்காக வந்ததும் அல்ல. பலர் சும்மா வந்து இரண்டு பாட்டு பாடிப் போனார்கள். குயின் ஒரு தியேட்டரை வாடகைக்குப் பிடித்து, நிமிஷக் கணக்கு வைத்து ஒத்திகை பார்த்தது. பொஹிமியன் ராப்சடியின் ஓபரா பகுதியை அப்படியே வெட்டியது. கூட்டம் கைதட்டக்கூடிய பாட்டு, கூடப் பாடக்கூடிய பாட்டு என்று வரிசை போட்டது.

அப்புறம் அந்த பனியன். வெள்ளை பனியன், வெளுத்த ஜீன்ஸ். பகல் வெயிலில், 72,000 பேர் கூட்டத்தில், கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் அந்த வெள்ளைப் புள்ளி எங்கே ஓடுகிறது என்று தெரியும். 1974-ல் சிறகுச் சட்டை தேவைப்பட்டவருக்கு, 1985-ல் உள்ளாடையே போதுமாக இருந்தது.

நடுவில் ஒரு இடம் வரும். இசை நிற்கும். அவர் ஒரு ஸ்வரத்தை இழுப்பார். கூட்டம் திருப்பிப் பாடும். கொஞ்சம் சிக்கலாக்குவார், கூட்டமும் விடாது. ஊர்த் திருவிழாவில் கும்மிப்பாட்டு முன்னால் ஒருவர் எடுத்துக் கொடுக்க, சுற்றி நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதேதான். ஊர் மட்டும்தான் கொஞ்சம் பெரியது.

நான்காவது படம்: 1986, மஞ்சள் ஜாக்கெட்

உங்க டி-ஷர்ட்டில் இருப்பது இந்த வருஷத்து ஃப்ரெடி. டயானா மோஸ்லி வடிவமைத்த மஞ்சள் ராணுவ ஜாக்கெட். ஜூலை 11, 12 தேதிகளில் வெம்ப்ளியில் நடந்த கச்சேரி படமானது. முடிவில் சிவப்பு அங்கியும் கிரீடமும் அணிந்து வருவார். ஜூலை 27-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த அந்த நாட்டில், மேற்கத்திய ராக் குழு ஒன்று ஸ்டேடியத்தில் பாடுவது அபூர்வம். அங்கே ஒரு ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டைப் பாடுவார். வரிகளை உள்ளங்கையில் எழுதிவைத்து, பார்த்துப் பார்த்துப் பாடுவது படத்திலேயே தெரியும். கூட்டம் உருகிவிடும்.

ஆகஸ்ட் 9-ம் தேதி நெப்வொர்த்தில் 1,20,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னிலையில் பாடினார். அதுதான் குயினோடு அவர் செய்த கடைசிக் கச்சேரி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அதே 1986-ல் நம்ம சென்னையில் இன்னொன்று நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும், அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில், இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அது அமெரிக்காக்காரன் நோய் என்றுதான் இங்கே நினைத்திருந்தார்கள். அடுத்த பத்து, இருபது வருஷங்களில் லாரித் தொழில் நடக்கும் நம் கொங்கு நெடுஞ்சாலை ஊர்கள் அந்த நோயையும், அதைவிடக் கொடுமையான ஊர்ப்பேச்சையும் நேரில் பார்த்தன. லண்டனில் ஃப்ரெடிக்கு நடந்ததும் அதே ஊர்ப்பேச்சுதான். அங்கே அது பத்திரிகையில் அச்சானது, அவ்வளவே வித்தியாசம்.

கடைசிப் படம்: கறுப்பு வெள்ளை

1987-ல் விஷயம் தெரிந்த பிறகு அவர் செய்தது, வேலை. ஸ்பெயின் நாட்டு ஓபரா பாடகி மான்செராட் கபாயேவுடன் 1988-ல் 'பார்சிலோனா' ஆல்பம். 1989-ல் 'தி மிராக்கிள்'. அதுவரை யார் எழுதிய பாட்டு என்று தனித்தனியாகப் பெயர் போட்டுச் சண்டை போட்டவர்கள், அந்த ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டுக்கும் 'குயின்' என்று பொதுவாகப் பெயர் போட்டார்கள். 1990 பிப்ரவரியில் பிரிட் விருது மேடையில் நால்வரில் ஒருவராக நின்றார். ரொம்ப மெலிந்திருந்தார். மைக் முன்னால் பேசியது பிரையன்தான். டேப்ளாய்டு பத்திரிகைகளின் கேமராக்கள் வீட்டு வாசலிலேயே குடியிருந்தன.

1991 பிப்ரவரியில் 'இன்யுவெண்டோ'. தலைப்புப் பாட்டு ஆறரை நிமிஷம். நடுவில் வரும் ஸ்பானிஷ் கிடார் பகுதியில் யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹோவும் வாசித்திருப்பார். 'குயின் 2' காலத்து ப்ரோக்ரஸிவ் வாசனை கடைசியில் திரும்பி வந்தது. 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டின் உச்ச ஸ்தாயியை அந்த உடம்பு தாங்குமா என்று பிரையனுக்கே சந்தேகம். ஃப்ரெடி ஒரு மடக்கு வோட்கா குடித்துவிட்டுப் போய்ப் பாடி முடித்தார். கேட்டுப் பாருங்க, நோயாளியின் குரல் மாதிரியா இருக்கு?

1991 மே 30-ம் தேதி 'தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். கலரில் எடுத்தால் உடல்நிலை தெரிந்துவிடும் என்று கறுப்பு வெள்ளை. கனமான மேக்கப். ஓடவில்லை, குதிக்கவில்லை. ஒரே இடத்தில் நிற்கிறார், கை மட்டும் அசைகிறது. போட்டிருப்பது, அவர் ஆசையாக வளர்த்த பூனைகளைக் கையால் வரைந்த வெயிஸ்ட்கோட். முடிவில் கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். கேமரா முன்னால் அவர் நின்ற கடைசி வேலை அதுதான்.

அந்த மே மாதம் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஸ்டூடியோவிலும் பாடினார். தான் போன பிறகு மற்றவர்கள் இசை சேர்த்து முடிக்கட்டும் என்று குரலை மட்டும் பதிந்து வைத்தார். 'மதர் லவ்' என்ற பாட்டின் கடைசிச் சரணத்தை, ஓய்வெடுத்துவிட்டு வந்து பாடுவதாக விட்டுப்போனார். வரவில்லை. அந்தச் சரணம் பிரையன் குரலிலேயே இருக்கிறது. 1995-ல் வந்த 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தில் கேட்கலாம்.

நவம்பர் 23-ம் தேதி, தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அறிக்கையாக வெளியிட்டார். மறுநாள், 1991 நவம்பர் 24, இறந்தார். வயசு 45. பார்சி குருமார்கள் சடங்கு நடத்தினார்கள். அவருடைய அஸ்தியை எங்கே வைத்தார்கள் என்பதை மேரி ஆஸ்டின் வெளியே சொல்லவில்லை.

முன்பே சொல்லியிருக்க வேண்டுமா?

இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. உலகமே நேசித்த ஒருவர் நாலு வருஷம் முன்னாடியே வெளியே சொல்லியிருந்தால், அந்த நோயோடு ஒளிந்து வாழ்ந்த எத்தனையோ பேருக்குத் தெம்பு கிடைத்திருக்கும் என்பது ஒரு தரப்பு. நியாயம்தான். இன்னொரு பக்கம், ஒருவரின் உடம்பு ஊர்ச்சொத்து இல்லை. சொன்னால் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஆல்பம் வாங்குவார்கள் என்பதை அவர் வெறுத்தார். பாட்டு பாட்டாக நிற்க வேண்டும் என்று நினைத்தார். அந்த உரிமை அவருக்கு இருந்தது. அதை ஊர் அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்ததுதான் தப்பு.

1992 ஏப்ரல் 20-ம் தேதி வெம்ப்ளியில் அவர் நினைவாக நடந்த கச்சேரியும் படமாக இருக்கிறது. நடிகை எலிசபெத் டெய்லர் மேடையேறி, எய்ட்ஸைப் பற்றி இளைஞர்களிடம் நேரடியாகப் பேசினார். அதிலிருந்து பிறந்த 'மெர்க்குரி ஃபீனிக்ஸ் டிரஸ்ட்' இன்றைக்கும் அந்த வேலையைச் செய்கிறது.

அவர் இறந்து ஐந்து வருஷத்தில், 1996 வாக்கில், கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. இந்தியாவில் 2004-லிருந்து அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி மையங்களில் இந்த மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் நோய் பரவுவதில்லை. ஒருவருக்கு எச்.ஐ.வி இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதும், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதும் 2017 சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில், பெயர் சொல்லாமலேயே பேசலாம். ஃப்ரெடிக்குக் கிடைக்காத இரண்டு விஷயங்கள், மருந்தும் ரகசியத்துக்கான சட்டப் பாதுகாப்பும், இன்றைக்கு உங்க பக்கத்து ஊர் அரசு மருத்துவமனை வரைக்கும் வந்திருக்கின்றன.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

முதலில் லைவ் எய்ட். 21 நிமிஷம்தான், பஸ்ஸில் வீடு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். பிடித்துப்போனால் மான்ட்ரியல் 81, முழுசா, நல்ல ஹெட்போனில். அதற்கப்புறம் ரெயின்போ 74, கூடவே 'குயின் 2' ஆல்பம். புரியவில்லை என்றால் விட்டுவிடாமல் இரண்டாம் தடவை கேளுங்க. நாலாவது புடாபெஸ்ட். உள்ளங்கையைப் பார்த்துப் பாடும் இடத்தைத் தவறவிடாதீங்க. கடைசியாக அந்தக் கறுப்பு வெள்ளை வீடியோ. மற்றதையெல்லாம் பார்க்காமல் அதை மட்டும் பார்த்தால், மெலிந்த ஒரு மனிதர் மெதுவாகப் பாடுவதுதான் தெரியும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனால், அவர் அசையாமல் நிற்பதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது புரியும்.